மூன்றாம் வாரத்திலேயே மரம் சொன்னது: ஈரப் பலகையில் செய்த ஒரு பெஞ்சின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கையால் எளிய மரச்சாமான் செய்யப் பழகிக்கொண்டிருந்த ஒரு பெண் செய்த முதல் பெரிய பொருள் இந்தப் பெஞ்சு. அதற்கு முன் இரண்டு முக்காலிகள் செய்திருந்தார். இரண்டும் கடையில் வாங்கிய உலர்ந்த பலகையில் செய்தவை, இன்றும் நன்றாக இருக்கின்றன. பெஞ்சுக்கான மரம் அப்படி வந்ததல்ல. காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை வெட்டிப் பலகையாக அறுத்து, கூரைக்கடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். அடுக்கி 5 மாதம் ஆகியிருந்தது. பெஞ்சு அவருடைய வயதான தகப்பனாருக்காக. வாசலில் உட்கார்ந்து செருப்பு மாட்டவும் கழற்றவும் கைப்பிடி இல்லாத, உறுதியான ஓர் இருக்கை வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

தகப்பனாருக்கு முழங்கால் வலி உண்டு. உட்காரும்போது கடைசி ஒரு சாண் தூரம் உடம்பை அப்படியே விட்டுவிடுவார். பெஞ்சு ஆடினால் அவர் விழுவார். பின்னால் எடுத்த முடிவுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

பெஞ்சு பழுதாகி நான்காம் மாதம் என்னிடம் வந்தது. அதற்கு முன் நடந்ததைச் செய்தவரே ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இல்லாவிட்டால் இதை எழுதியிருக்க முடியாது.

செய்த விதம்

இருக்கைப் பலகை 1200 மி.மீ. நீளம், 360 அகலம், 50 கனம். அதே மரத்தின் நேரான கிளைகளில் நான்கு கால்கள். ஒவ்வொரு காலின் மேல்முனையையும் 28 மி.மீ. உருண்டையாகச் சீவிக் கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் முனை, எடுத்தார். பலகையில் 28 மி.மீ. துளை போட்டு, கழுந்து மேல்பக்கம் வரை வரும்படி கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) அடித்து இறக்கினார். ஆப்பு வைக்கவில்லை. "ரொம்ப இறுக்கமா இருந்துச்சு, ஆப்பு எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார். பலகை வளையாமல் இருக்க அடியில் 300 மி.மீ. நீளத்தில் இரண்டு குறுக்குக் கட்டைகளை, ஒவ்வொன்றுக்கும் முனைக்கொரு திருகாணி போட்டு முடுக்கினார். மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. எண்ணெய் பூசியாயிற்று, இனி ஈரம் உள்ளேயும் போகாது வெளியேயும் வராது என்று நம்பினார். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். எண்ணெய்ப் பூச்சு ஈரத்தின் போக்குவரத்தைச் சற்றே தாமதப்படுத்தும், நிறுத்தாது.

மரம் காய்ந்துவிட்டதா என்று எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். மேல்பக்கம் கைக்கு உலர்வாக இருந்தது, இழைப்புளி போட்டபோது சுருள் அழகாக வந்தது, அதனால் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார். மரத்தைக் காற்றில் உலர்த்துவதற்கு ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. மரத்துக்கு மரம், இடத்துக்கு இடம் இது மாறும். ஆனாலும் 50 மி.மீ. கனப் பலகைக்கு 5 மாதம் பொதுவாகப் போதாது. சுருள் அழகாக வந்ததற்கும் காரணம் அதுதான்: ஈரமுள்ள மரம் உளிக்கும் இழைப்புளிக்கும் மிருதுவாக இருக்கும்.

முதல் அறிகுறியும் மூன்று தவறான மருந்துகளும்

மூன்றாம் வாரம் தகப்பனார் சொன்னார்: "உக்காரும்போது கையில ஏதோ வட்டமா தட்டுப்படுதும்மா." செய்தவர் தடவிப் பார்த்தார். நான்கு கழுந்துகளின் தலையும் பலகையை விட ஒரு மயிரிழை மேலே நின்றன. செய்த அன்று உப்புத்தாள் போட்டு ஒரே மட்டமாக்கியிருந்தார். ஆள் உட்கார உட்கார எடை தாங்காமல் கால்கள் மேலே ஏறுகின்றன என்று நினைத்து இழைப்புளியால் சீவி மட்டமாக்கினார். ஐந்தாம் வாரம் மறுபடி தலை தூக்கின. மறுபடி சீவினார்.

இந்த இடத்தில் நான் நின்று பேச விரும்புகிறேன், ஏனென்றால் இந்த நிகழ்வில் அறிய வேண்டியதில் பாதி இதற்குள் இருக்கிறது. கால்கள் மேலே ஏறவில்லை. பலகைதான் இறங்கியது. மரம் காயும்போது அகலத்திலும் கனத்திலும் சுருங்கும், நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்கவே சுருங்காது. கழுந்து பலகையின் கனத்துக்குள் நீளவாக்கில் நிற்கிறது, அதன் உயரம் மாறாது. சுற்றியுள்ள பலகை மெலிகிறது. தலை வெளியே தெரிகிறது. அந்த வயதானவரின் உள்ளங்கை கண்டுபிடித்தது, பலகை இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியை. அதைச் சீவித் தள்ளியதில் செய்தியும் போயிற்று.

ஆறாம் வாரம் பெஞ்சு ஆடத் தொடங்கியது. ஒரு கால் உயரம் கூடியிருக்கும் என்று நினைத்து ஒரு காலின் அடியை 3 மி.மீ. அறுத்தார். ஆட்டம் நிற்கவில்லை. எதிர்மூலைக் காலிலும் கொஞ்சம் அறுத்தார். நோட்டில் அன்றைய குறிப்பு: "இப்போது நான்கும் தரையில் படுகிறது. ஆனாலும் ஆடுகிறது." கால் உயரம் காரணமல்ல என்பதை அவரே எழுதிவிட்டார், ஆனால் அதைப் படிக்கவில்லை. நானும் என் ஆரம்ப நாட்களில் இப்படி அறுத்தறுத்து ஒரு முக்காலியைக் குட்டையாக்கியிருக்கிறேன். காலின் அடியை அறுப்பது சுலபம், கண்ணுக்குத் தெரியும், அதனால் கை அங்கேதான் போகும்.

ஒன்பதாம் வாரம் கழுந்தைச் சுற்றி மரப்பசை ஊற்றினார். இரண்டு வாரம் தாங்கியது. சாதாரண வெள்ளை மரப்பசை இரண்டு மரமுகங்கள் நெருக்கமாக ஒட்டிக்கிடந்தால்தான் பலம் கொடுக்கும், இடைவெளியை நிரப்பினால் கொடுக்காது. அதுவும் ஏற்கனவே எண்ணெய் இறங்கிய துளை.

பன்னிரண்டாம் வாரம் ஒரு நள்ளிரவில் படாரென்று சத்தம். காலையில் பார்த்தால் பலகையின் ஒரு முனையிலிருந்து 18 செ.மீ. நீளத்துக்கு வெடிப்பு. அன்றோடு தகப்பனாரை அதில் உட்கார விடுவதை நிறுத்தினார். அது சரியான முடிவு.

என்னிடம் வந்தபோது பார்த்தவை

பெஞ்சை மட்டமான தரையில் வைத்து முதலில் அகலவாக்கில் தள்ளினேன். அசையவில்லை. பிறகு நீளவாக்கில், தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குத் தள்ளுவதுபோல். நான்கு கால்களும் ஒன்றாகச் சாய்ந்தன. காரணத்தை அதுவே காட்டிக்கொடுத்துவிட்டது, மற்றதெல்லாம் அதை உறுதிப்படுத்தத்தான்.

பெஞ்சைக் கவிழ்த்து, கெட்டியான ஒரு அட்டைத்துண்டை கழுந்தைச் சுற்றி நுழைத்துப் பார்த்தேன். பலகையின் நாரோட்டம் எந்தத் திசையோ அந்தத் திசையில், கழுந்தின் முன்னும் பின்னும், பசை உதிர்ந்த இடத்தில் அட்டை நுழைந்தது. பக்கவாட்டில் நுழையவில்லை. துளையை அளந்தால் அது வட்டமாகவே இல்லை: நாரோட்டத்தின் வழியே 28, குறுக்கே 27. பலகை அகலத்தில் சுருங்கியபோது துளையும் அகலத்தில் சுருங்கியது. நீளத்தில் பலகை சுருங்காததால் துளையும் அங்கே அப்படியே நின்றது. ஆனால் கழுந்தும் ஈர மரம்தான், அது எல்லாப் பக்கமும் மெலிந்து ஏறத்தாழ 27.3 ஆகிவிட்டது. ஆக, பக்கவாட்டில் நெரிக்கிறது, நீளவாக்கில் முக்கால் மி.மீ. காலியிடம். 50 மி.மீ. ஆழத்தில் முக்கால் மி.மீ. என்றால் கேட்கச் சிறியதாக இருக்கும். 450 மி.மீ. உயரப் பெஞ்சின் கால் அடியில் அது 6 மி.மீ.க்கு மேல் ஆட்டமாக விரியும்.

வெடிப்புக்குக் காரணம் குறுக்குக் கட்டைகள். கட்டை தன் நீளவாக்கில் சுருங்காது. அதன் இரு முனையிலும் திருகாணியால் பிடிக்கப்பட்ட பலகை அந்த அகலத்தில் சுருங்கப் பார்க்கிறது. இரண்டில் ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும், பலகை விட்டுக்கொடுத்தது. பலகையின் நடுவில் அகலம் 350 இருந்தது. வெடித்த முனையில், கட்டைக்கு நேரே, 355. கூடுதலான 5 மி.மீ.யும் வெடிப்பின் வாய்தான்.

எவ்வளவு ஈரத்தில் செய்தார் என்று அறிய ஒரு வழி எதிர்பாராமல் கிடைத்தது. பலகையின் முனையை அறுத்த அன்று, பிறகு எண்ணெய் பூசிப் பார்க்கலாம் என்று அறுத்த துண்டை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி வைத்திருந்தார். பையைத் திறந்ததும் பூஞ்சை வாடை அடித்தது, துண்டின் மேல் சாம்பல் நிறப் பஞ்சு. மரத்தில் பூஞ்சை பிடிக்க ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு அருகிலோ மேலோ இருக்க வேண்டும். துடைத்து எடை போட்டோம்: 412 கிராம். ஓவனில் 103 டிகிரி செல்சியஸில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை உலர்த்தினோம்: 327 கிராம். போன நீர் 85 கிராம். அதை உலர்ந்த எடையால் வகுத்தால் 26 சதவீதம். வீட்டுக்குள் வாழும் மரம் பொதுவாக 8 முதல் 12, 13 சதவீதத்துக்குள் வந்து நிற்கும்.

26 என்ற எண் ஏன் முக்கியம் என்றால், மரம் சுருங்கத் தொடங்குவதே ஏறத்தாழ 28, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான். அதற்கு முன் போவது செல்களின் உட்குழியில் தேங்கிய நீர். எடை குறையும், அளவு குறையாது. ஆகவே அந்தப் பலகை 5 மாதம் காய்ந்து நிறைய எடையை இழந்திருந்தாலும், சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி இன்னும் பாக்கி இருந்தது. அந்தப் பாக்கியை அது பெஞ்சாக மாறிய பிறகு கழித்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

செய்தவர் கேட்டது எளிய உதவி: "இதை எப்படியாவது இறுக்கிக் கொடுங்கண்ணா, போதும்." எபாக்ஸிப் பசை ஊற்றி இறுக்கலாம், இரும்பு மூலைத்தகடு வைத்துத் திருகலாம். அன்று மாலையே பெஞ்சு ஆடாமல் நின்றிருக்கும். ஆனால் பலகை இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. நகரும் மரத்தில் எதை இறுக்கினாலும் அது மீண்டும் தளரும், அல்லது வேறிடத்தில் வெடிக்கும். உட்காரப்போகிறவர் தன் உடம்பைப் பிடித்து நிறுத்த முடியாதவர். மறுத்தேன்.

முதலில் கால்களைக் கழற்றினோம், குறுக்குக் கட்டைகளைக் கழற்றினோம். பலகையை வீட்டுக்குள் சுவரில் சாத்தி, வாரம் ஒருமுறை தொங்கு தராசில் எடை போட்டார். 14.9 கிலோ, 14.7, 14.6, 14.5, மறு வாரமும் 14.5. எடை நின்றதும் வேலையைத் தொடங்கினோம். அகலம் 348 ஆகியிருந்தது. செய்த நாளிலிருந்து 12 மி.மீ. குறைவு.

பழைய கால்களை விட்டுவிட்டோம். அறுத்த கட்டையில் அல்லாமல், நாரோட்டத்தின் வழியே பிளந்து எடுத்த உலர்ந்த கட்டையில் புதுக் கால்கள் சீவினோம். பிளந்த கட்டையில் நார் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் ஓடும். கழுந்துபோல் மெல்லிய இடத்தில் அதுதான் பலம். முட்டை வடிவமாகிப்போன துளைகளை 32 மி.மீ.க்கு அகலப்படுத்தி மறுபடி வட்டமாக்கினோம்.

கழுந்துகளைப் பலகையை விடவும் உலர்ந்த நிலையில் இறக்க வேண்டும் என்பது என் தீர்மானம். கழுந்துப் பகுதியைச் சூடான மணலில் இரண்டு நாள் புதைத்து வைத்தோம். உள்ளே போன பின் பலகையின் ஈரத்தை எடுத்துக்கொண்டு கழுந்து சற்றே பருக்கும், துளையை நிறைக்கும். இது என் கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தின் சில்ட்டர்ன் குன்றுகளில் பீச் மரக் காடுகளுக்குள்ளேயே அமர்ந்து நாற்காலிக் கால் கடைந்த போட்ஜர்கள், பச்சை மரத்தில் கடைந்தாலும் அடுக்கிக் காயவைத்த பிறகே பட்டறைக்கு அனுப்பினார்கள். கால்கள் இருக்கைப் பலகையின் துளைகளில் நேராக இறங்கும் விண்ட்சர் நாற்காலியின் இருக்கைக்கு எல்ம் மரத்தை விரும்பியதும் அதே அக்கறையில்தான்: அதன் நார் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் துளையருகே எளிதில் பிளக்காது.

மரம் வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் குறைவாகச் சுருங்கும் திசை பலகையின் நீளவாக்கில் இருக்கும்படி ஒவ்வொரு காலையும் திருப்பி அடையாளம் போட்டோம். கழுந்தின் தலையில் பலகையின் நாரோட்டத்துக்குக் குறுக்காக ஒரு வாள்வெட்டு. அதில் இறங்கும் ஆப்பு கழுந்தை நீளவாக்கில் விரிக்கும். காலியிடம் விழக்கூடிய திசையும் அதுவே. ஆப்பைத் தொண்ணூறு டிகிரி திருப்பி அடித்திருந்தால் பலகையைப் பிளந்திருக்கும்.

வெடிப்பை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துவிடலாம் என்றார் அவர். ஈரமான பருவத்தில் பலகை உப்பும்போது வெடிப்பு தானே வாயை மூடப் பார்க்கும், உள்ளே கெட்டியான அடைப்பு இருந்தால் அது ஆப்புபோல் நின்று வெடிப்பை இன்னும் நீட்டும் என்றேன். அடைக்காமல், அடிப்பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவ மரச்சாவி இரண்டை வெடிப்புக்குக் குறுக்கே பதித்தோம். குறுக்குக் கட்டைகளைத் திரும்பப் போட்டோம், ஆனால் நடுவில் ஒரு திருகாணி மட்டும் இறுக்கமாக. முனைத் திருகாணிகளுக்குக் கட்டையின் நீளவாக்கில் நீள்துளை, பலகை நகர இடம் விட்டு.

என் கையால் நடந்த பிழை

மூன்று கால்கள் சுத்தமாக இறங்கின. நான்காவதை இறக்கும் முன் வேறொரு வேலைக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வர இரண்டு மணி நேரம். அன்று காற்றில் ஈரம் அதிகம். மணலிலிருந்து எடுத்து வெளியே கிடந்த கழுந்து அதற்குள் பருத்திருந்தது. துளை வாயில் வைத்தபோதே கைக்குத் தெரிந்தது. மறுபடி மணலில் போட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டியவன், கொட்டாப்புளியை எடுத்து நாலு அடி ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் சத்தம் மாறியது, கணீரென்று இருந்தது மொத்தென்று ஆனது. துளையின் ஓரத்தில் 4 செ.மீ. மயிரிழைக் கீறல். கழுந்தை வெளியே இழுத்து, உலர்த்தி, மறுநாள் இறக்கினேன். கீறல் இன்றும் இருக்கிறது. ஈரம் அளவை மாற்றும் என்று ஒருவருக்கு ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த நான், அதே ஈரத்தோடு சுத்தியலால் வாதாடினேன். செய்தவரிடம் அன்றே சொல்லிவிட்டேன், பெஞ்சின் அடியில் கீறலின் இரு முனையிலும் பென்சில் கோடு போட்டு, நீள்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

பிறகு நடந்தது

14 மாதம் ஆகிறது. தகப்பனார் தினமும் உட்காருகிறார். நீளவாக்கில் தள்ளிப் பார்த்தால் அசைவில்லை. உலர்ந்த மாதங்களில் பலகையின் அகலம் 347, ஈரமான மாதங்களில் 351. அந்த 4 மி.மீ. போய்வர நீள்துளைகளில் இடம் இருக்கிறது. வெடிப்பு ஈரமான மாதங்களில் ஒரு தாள் கனத்துக்கு ஒடுங்குகிறது. என் கீறல் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. உலர்ந்த காலத்தில் கழுந்துத் தலைகள் மிகச் சிறிதாகத் தட்டுப்படுகின்றன. இம்முறை அவற்றைச் சீவவில்லை, ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் மழுக்கியிருக்கிறார். பலகை கொஞ்சம் குழிந்திருக்கிறது, நடுவில் 3 மி.மீ. பட்டைப் பக்கம் மேலே வரும்படி வைத்த பலகை காய்ந்தால் அப்படித்தான் ஓரம் தூக்கும். உட்கார அது வாகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டோம்.

மறுபடி செய்வதென்றால்

வெடித்த முனையை அறுத்து எறிந்து பெஞ்சை 1 மீட்டராக்கியிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். மரச்சாவிகள் பிடித்து நிற்கின்றன. ஆனாலும் நம்பிக்கையோடு ஒருவர் தன் எடையைப் போடும் பலகையில் வெடிப்பை வைத்திருந்தது எனக்கு உறுத்துகிறது. நீளம் குறைய வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு நான் சீக்கிரம் இணங்கிவிட்டேன்.

பலகையாக அறுத்த அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசியிருக்க வேண்டும். மரம் வெட்டுமுகத்தின் வழியே, பக்கங்களின் வழியே இழப்பதைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை இழக்கும். அதனால் முனை முதலில் சுருங்கி அங்கே வெடிப்பு பிறக்கும். இந்தப் பலகையின் முனையில் முன்பே நுண்ணிய கீறல்கள் இருந்திருக்கலாம், குறுக்குக் கட்டை அவற்றில் ஒன்றைத் திறந்துவிட்டிருக்கலாம். கை வைத்துப் பார்த்து, சுருளைப் பார்த்து மரம் காய்ந்ததென்று முடிவு செய்வதை அவர் விட்டுவிட்டார். எடை நிற்கும்வரை அறுப்பதில்லை.

எண்ணெய் பூசும்போது இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தேன், அது இந்தப் பழுதோடு சம்பந்தமில்லாதது என்றாலும் இங்கே எழுதுகிறேன். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது காயும்போது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். முதல் முறை அவர் அப்படித்தான் ஒரு மூலையில் சுருட்டிப் போட்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை, ஆகியிருக்கலாம். இப்போது ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயப்போடுகிறார்.

அதே மரத்தின் இன்னொரு பலகை அவர் வீட்டுக் கூரைக்கடியில் இருக்கிறது. இரு முனையிலும் மெழுகு. பக்கவாட்டில் சாக்பீஸால் மாதத்துக்கொரு எடை எழுதி வருகிறார். கடைசியாகப் பார்த்தபோது பதினோரு எண்கள் இருந்தன, கடைசி இரண்டுக்கும் இடையே 200 கிராம் வித்தியாசம். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது, அவர் காத்திருக்கிறார்.